வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மகளுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு உண்டா?

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமம் என் சொந்த ஊர். 1986இல் திருமணமாகி, 1994இல் கணவருடன் கனடாவுக்கு வந்தேன். இப்போது நாங்கள் கனடியக் குடிமக்கள். எனக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருக்கிறது. நாங்கள் இந்துக்கள். 2023இல் அப்பா உயில் எழுதாமல் காலமானார். அம்மாவும் அண்ணனும் ஊரில் இருக்கிறார்கள். தம்பி 2012இல் இறந்துவிட்டான். அவன் மனைவியும் மகளும் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். அப்பா 1978இல் தம் சம்பாத்தியத்தில் கும்பகோணத்தில் கட்டிய வீடும், தாத்தா 1948இல் கிரயம் வாங்கிய 12 மா நஞ்சையும் (ஏறத்தாழ 4 ஏக்கர்) இருக்கின்றன. தாத்தா 1971இலும் பாட்டி 1983இலும் உயில் இல்லாமல் காலமானார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அப்பாவுடன் பிறந்தவர் மன்னார்குடியில் இருக்கும் அத்தை மட்டும்தான். 1989க்கு முன்பு கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது, வெளிநாட்டுக் குடிமகள் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது, நகையும் சீரும் அப்போதே செய்தாகிவிட்டது என்கிறார் அண்ணன். ஒரு விடுதலைப் பத்திர வரைவையும் ஒரு பொது அதிகாரப் பத்திர வரைவையும் அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார். நான் கையெழுத்திடலாமா? என் பங்கை விற்றால் பணத்தை இங்கே கொண்டுவர முடியுமா? இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேருமா? கடைசிக் காலத்தில் ஊருக்கே வந்து இருக்க ஆசைப்படுகிறேன்; அதற்கு வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த இரண்டு வரைவுகளிலும் இப்போது கையெழுத்திட வேண்டாம். நீங்கள் 1986இல் திருமணம் செய்துகொண்டதாலோ, கனடாவின் குடிமகளாக ஆனதாலோ, உங்கள் தந்தை சொத்தில் உங்களுக்குள்ள பங்கு ஒரு சிறிதும் குறையவில்லை. அது உங்களை விட்டுப் போக வேண்டுமானால் உங்கள் கையெழுத்தால்தான் போக முடியும். அண்ணன் கேட்பதும் அந்தக் கையெழுத்தைத்தான். உங்கள் பங்கு எவ்வளவு என்பது தெரிந்த பிறகு அதை அவருக்கே விட்டுக்கொடுக்க நீங்கள் விரும்பினால் அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பங்கே இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதிக்கொடுப்பது விட்டுக்கொடுப்பது ஆகாது.

அண்ணன் சொல்லும் 1989 கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி என்று தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு விலக்கும் அதிலேயே இருந்தது. கிராமங்களில் இன்றும் பலர் மனத்தில் நிற்பது அந்த விலக்குதான். ஆனால் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில், எந்த ஆண்டில் திருமணமானவள் என்ற வேறுபாடே கிடையாது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதும் முக்கியமில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தெளிவுபடுத்திவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்பாணை வழியாகவோ பாகம் பிரித்து முடித்த குடும்பங்களைத்தான் அந்தத் திருத்தம் தொடாது. உங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் சொத்துகளுக்கு அந்த 1989 விவாதமே தேவையில்லை. அது கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்பா தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அவருடைய தனிச் சொத்து. தாத்தா கிரயம் வாங்கிய நஞ்சையும் அப்படியே தாத்தாவின் தனிச் சொத்து. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு ஒருவர் உயில் இல்லாமல் இறந்து, அவருடைய தனிச் சொத்து அச்சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி மகனுக்கு வரும்போது, அது அந்த மகனின் கையிலும் தனிச் சொத்தாகவே இருக்கும் என்பதை 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. ஊரில் தாத்தா காலத்து நிலம் எல்லாவற்றையும் பூர்வீகச் சொத்து என்று சொல்வது வழக்கம் என்றாலும், சட்டம் கேட்பது தாத்தா அதை எப்படிப் பெற்றார், எப்போது இறந்தார் என்ற இரண்டு கேள்விகளைத்தான். தனிச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956 முதலே உண்டு. அவள் எந்த ஆண்டில் திருமணம் செய்துகொண்டாள் என்று அந்தப் பிரிவு ஒருநாளும் கேட்டதில்லை. 1948ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து பெற்றுவிடுங்கள். இந்த வழக்கின் அடித்தளமே அந்தப் பத்திரம்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். வீட்டில் நான்கு பங்குகள் உண்டு: அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, காலமான தம்பியின் கிளைக்கு ஒன்று. தம்பியின் கால்பங்கை அவர் மனைவியும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். தம்பி தந்தைக்கு முன்பே இறந்துவிட்டதால் அவர்களுக்கு எதுவும் இல்லை என்று யாரேனும் சொன்னால் அது தவறு. மறுமணம் செய்துகொண்ட விதவைக்குப் பங்கில்லை என்று முன்பு இருந்த 24ஆவது பிரிவும் 2005இல் நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் அண்ணன் அனுப்பிய வரைவில் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதை நான் கவலையோடு பார்க்கிறேன். நீங்கள் வெளிநாட்டில் இருந்தாலும் கேட்பதற்கு உங்களுக்கு ஒரு குரல் இருக்கிறது. கணவனை இழந்து தஞ்சாவூரில் இருக்கும் அவர்களிடம் இதே போன்ற வரைவு ஏற்கெனவே போயிருக்கக்கூடும். அவர்களிடம் தொலைபேசியில் பேசுங்கள்.

நஞ்சைக்கு வரும்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாத்தா 1971இல் இறந்தபோது பாட்டி, அப்பா, அத்தை ஆகிய மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வந்தது. 1983இல் பாட்டி இறந்தபோது அவருடைய பங்கு மகனுக்கும் மகளுக்கும் பாதிப்பாதியாகச் சென்றது. ஆக, 12 மாவில் 6 மா இன்றைக்கும் அத்தையுடையது. மீதி 6 மா அப்பாவுடையது. அதுதான் உங்கள் நான்கு கிளைகளுக்கும் ஒன்றரை மா வீதம் வரும். உங்களுக்கு 3 மா கிடைக்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது சரியல்ல. மகளுக்குப் பங்கு உண்டு என்று எந்தச் சட்டத்தைக் காட்டி நீங்கள் அண்ணனிடம் கேட்கப்போகிறீர்களோ, அதே சட்டம் உங்கள் தந்தையின் சகோதரிக்கும் பொருந்தும்.

இத்தனை ஆண்டுகளாக அப்பாதானே சாகுபடி செய்தார், அத்தை ஒரு மூட்டை நெல்கூட வாங்கியதில்லையே, அவருடைய உரிமை காலாவதியாகியிருக்காதா என்று அடுத்ததாக நீங்களோ அண்ணனோ கேட்கக்கூடும். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் நிலத்தை அனுபவித்து வந்தால், சட்டம் அதை எல்லோருக்காகவும் அனுபவித்ததாகவே கொள்ளும். நீண்ட காலம் தனியாக உழுதது, தீர்வை கட்டியது ஆகியவை மட்டும் மற்றவரின் உரிமையை அழித்துவிடாது. உனக்கு இதில் உரிமை இல்லை என்று அத்தைக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அதன் பிறகு 12 ஆண்டுகள் அவரை விலக்கி வைத்திருந்தால்தான் அந்த வாதத்துக்கே இடம் உண்டு. பட்டா இன்றுவரை தாத்தா பெயரிலேயே இருப்பது அப்படியொரு மறுப்பு நடக்கவில்லை என்பதற்கே சாட்சியாக நிற்கும். இதே விதி உங்களுக்கும் காப்பு: நீங்கள் முப்பது ஆண்டுகள் கனடாவில் இருந்தீர்கள் என்பது உங்கள் பங்கை விழுங்கிவிடாது. ஆனால் அண்ணன் எழுத்தில் உங்கள் உரிமையை மறுத்திருந்தால், அந்தக் கடிதத்தின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலக்கெடு எண்ணப்படுவது அத்தகைய மறுப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான்.

நகையும் சீரும் செய்தாகிவிட்டது என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. திருமணத்தின்போது கொடுத்ததைப் பங்கிலிருந்து கழிக்க வேண்டும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. குடும்பமாக உட்கார்ந்து பேசும்போது, அண்ணன் அம்மாவைப் பார்த்துக்கொண்டதையும் வீட்டுக்குச் செலவு செய்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நீங்களாகவே சிறிது குறைத்துக்கொள்ளலாம். அது உங்கள் மனம்.

வெளிநாட்டுக் குடிமகள் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது என்று அண்ணன் சொல்வது பாதி உண்மை. ஓசிஐ அட்டை உள்ளவர் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. ஆனால் வாரிசுரிமையாக வருவதற்குத் தடை இல்லை. இந்தியாவில் வசித்த ஒருவரிடமிருந்து வாரிசாகப் பெற்ற அசையாச் சொத்தை, வெளிநாட்டில் வசிப்பவர் தொடர்ந்து வைத்திருக்கலாம் என்று அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவே சொல்கிறது. ஆகவே அந்த ஒன்றரை மா சட்டப்படி உங்களுடையது. அதை விற்கும்போது மட்டும், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

இந்தப் பாதி உண்மையின் மறுபாதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பலர் அதில்தான் விழுகிறார்கள். பாகம் பிரிக்கும்போது, வீட்டை அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும், நிலத்தில் எனக்குக் கூடுதலாகக் கொடுங்கள் என்று பேச வேண்டாம். வாரிசாக உங்களுக்கு வருவது ஒன்றரை மாதான்; அதற்கு மேல் அண்ணனோ அம்மாவோ விடுதலைப் பத்திரமாகவோ செட்டில்மெண்டாகவோ (உயிரோடு இருக்கும்போதே கொடையாக எழுதும் பத்திரம்) எழுதித் தருவது வாரிசுரிமை ஆகாது, ஓசிஐ அட்டை உள்ளவர் நிலத்தைப் புதிதாகப் பெறுவதாகிவிடும். அதற்கு அனுமதி இல்லை. நகரத்து வீட்டுக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. எனவே உங்கள் நிலப் பங்கை அண்ணனுக்கு விட்டு, அதற்கு ஈடாக வீட்டில் கூடுதல் பங்கைப் பெறுவதுதான் உங்களுக்கு உகந்த ஏற்பாடு. நிலத்தில் இருந்து உழப்போகிறவர் அண்ணன் என்பதால் அவருக்கும் இது ஏற்றதாகவே இருக்கும். அம்மா தம் நிலப் பங்கை உங்களுக்குத் தர விரும்பினால், அதை இப்போது செட்டில்மெண்டாக எழுதாமல் உயிலாக எழுதட்டும்.

அம்மாவைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்கிறேன். வீட்டில் கால்பங்கும் நிலத்தில் ஒன்றரை மாவும் அவருடைய முழு உரிமை. ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும் அல்ல. வயதான தாய்மார்கள் பிள்ளைகள் சொன்ன இடத்தில் கைரேகை வைத்துவிட்டு, பிறகு ஒரு அறைக்காகக் கெஞ்சும் நிலைமையை எங்கள் தொழிலில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவர் யாருக்கு எழுதிக்கொடுத்தாலும், கடைசிவரை தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன் 23ஆவது பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை எழுதப்படாத பத்திரத்துக்கு அந்தப் பாதுகாப்பைக் கேட்பது மிகவும் கடினம்.

இப்போது அந்த வரைவுகள். விடுதலைப் பத்திரம் என்பது உங்கள் பங்கை மற்றொரு பங்குதாரருக்கு நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் பத்திரம். பதிவாகிவிட்டால் நீங்கள் ஒருதலையாக அதை ரத்து செய்ய முடியாது. பிரதிபலன் எதுவும் வாங்காமல் அண்ணன் ஒருவருக்கு மட்டும் விட்டுக்கொடுப்பதாக அந்த வரைவு எழுதப்பட்டிருக்கிறது. பொது அதிகாரப் பத்திரம் அதைவிட ஆபத்தானது. விற்கவும், அடமானம் வைக்கவும், பணம் பெற்றுக்கொள்ளவும், பாகம் பிரிக்கவும், உங்கள் பேரில் எந்தச் சொத்து இருந்தாலும் அதில் எதையும் செய்யவும் அது அண்ணனுக்கு அதிகாரம் கொடுக்கிறது. உங்கள் பங்குக்கு எதிரான நலன் உள்ளவரிடமே உங்கள் பங்கை ஆளும் அதிகாரத்தைக் கொடுப்பது எந்த வகையிலும் சரியல்ல.

உங்களால் நேரில் வர இயலாவிட்டால், ஒரு தனி அதிகாரப் பத்திரம் போதும். ஆவணங்களுக்கு மனுச் செய்யவும், வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலும் கோரவும், நீங்கள் எழுத்தில் ஒப்புதல் அளித்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உங்களுக்காகக் கையொப்பமிடவும் மட்டும் அதில் அதிகாரம் இருக்கட்டும். விற்கவோ விட்டுக்கொடுக்கவோ பணம் பெறவோ அதிகாரம் இல்லை என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். அதை உங்கள் கணவரின் உறவினர் ஒருவருக்கோ நீங்கள் நம்பும் நண்பருக்கோ கொடுங்கள். இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறலாம். அப்போஸ்டில் ஒப்பந்தம் (ஒரு நாட்டு ஆவணத்தைப் பிற நாடுகள் ஏற்கச் செய்யும் சான்று முத்திரைக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) கனடாவில் 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை பெறுவதும் ஏற்கப்படும். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு, பத்திரப்பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியவை. கனடாவில் இருந்தபடியே பதிவுத்துறையின் இணையதளத்தில் இரண்டு சொத்துகளுக்கும் வில்லங்க விவரம் பாருங்கள். பழைய ஆண்டுகளுக்குத் தனியாக மனுச் செய்து வில்லங்கச் சான்றிதழ் பெறுங்கள். அப்பா இருந்த காலத்திலேயே ஏதேனும் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அப்படி ஒரு செட்டில்மெண்டோ உயிலோ வெளிப்பட்டால் மேலே சொன்ன கணக்கு மாறும். உயில் என்று ஒரு தாள் பின்னாளில் காட்டப்பட்டால், அது பதிவு செய்யப்படவில்லை என்பதாலேயே செல்லாது என்று நினைக்காதீர்கள். ஆனால் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருக்க வேண்டும், உயிரோடு இருப்பவராயின் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். நிலத்தின் பட்டா, சிட்டா, அ பதிவேடு விவரங்களும் இணையத்தில் கிடைக்கும். நிலத்தில் குத்தகைதாரர் யாரேனும் இருக்கிறாரா என்று அண்டை நிலத்தாரிடம் விசாரியுங்கள். காவிரிப் பாசனப் பகுதியில் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அது நிலத்தின் விலையையே மாற்றிவிடும்.

வட்டாட்சியர் அளிக்கும் வாரிசுச் சான்றிதழில் அம்மா, நீங்கள், அண்ணன், தம்பியின் மனைவி, மகள் ஆகிய ஐவர் பெயரும் இருக்க வேண்டும். உங்கள் பெயரை விட்டுவிட்டு அண்ணன் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியிருந்தால், அதை ரத்து செய்யக் கோரி மனுக் கொடுக்கலாம். அந்தச் சான்றிதழோ பட்டாவோ உரிமையை உருவாக்குவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். அண்ணன் பெயரில் மட்டும் பட்டா மாறிவிட்டாலும் உங்கள் பங்கு அழியாது. ஆனாலும் மாறிய பட்டாவை நம்பி வெளியாள் ஒருவர் கிரயம் வாங்கிவிட்டால், பிறகு அவரோடும் வழக்காட வேண்டியிருக்கும் என்பதால், பட்டா மாறுதலுக்கு ஆட்சேப மனுவை இப்போதே வட்டாட்சியருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பிவிடுவது நல்லது.

பேசி முடிப்பதற்கே முதல் முயற்சி இருக்கட்டும். குடும்பத்தாருக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம்தான். அதற்கும் உச்சவரம்பு உண்டு, 2023 ஜூலையில் அது ஒரு பங்குக்கு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்நியருக்கு விற்கும் கிரயச் செலவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அத்தையையும் தம்பி மனைவியையும் சேர்த்து ஒரே பத்திரமாக எழுதினால் மூன்று தலைமுறைச் சிக்கலும் ஒரே நாளில் தீரும். அண்ணன் மறுத்தால் கும்பகோணம் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத்தான் வழி; முதல்நிலைத் தீர்ப்பாணை, ஆணையர் அளவீடு, இறுதித் தீர்ப்பாணை என்று அது ஆண்டுக்கணக்கில் நீளும். நீங்கள் உங்கள் பங்கை விற்க முடிவு செய்தால், அதை முதலில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி உண்டு. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அண்ணனிடம் எழுத்தில் விலை கேட்காமல் வெளியாளிடம் முன்பணம் வாங்காதீர்கள்.

விற்ற பணத்தைக் கனடாவுக்குக் கொண்டுபோக முடியும். அதற்கு இந்தியாவில் பான் எண்ணும், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்கும் தேவை. அந்தக் கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை, வாரிசாக வந்த சொத்தின் விற்பனைத் தொகையும் உட்பட, பட்டயக் கணக்காளரின் சான்றோடு அனுப்பலாம். இந்தியாவில் வாரிசுரிமை வரி கிடையாது. முன்பு இருந்த எஸ்டேட் வரி 1985இல் நீக்கப்பட்டது. வீட்டை விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரியும் அதன் மேல் கூடுதல் வரிகளும் வரும். ஆதாயத்தைக் கணக்கிடும்போது அப்பாவுக்கு அன்று ஆன செலவை எடுக்க வேண்டியதில்லை. 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல், அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாங்குபவர் ஆதாயத்தைப் பார்க்காமல் உங்கள் முழு விலைப் பங்கின் மீதும் வரியைப் பிடித்துவிடுவது வழக்கம். விற்பனைக்கு முன்பே வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் கோரி மனுச் செய்தால் இதைத் தவிர்க்கலாம். நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் குறிக்கும் தொலைவுக்கு அப்பால் உள்ள கிராமத்து விவசாய நிலம் மூலதனச் சொத்தே ஆகாது. அதன் விற்பனைக்கு இந்தியாவில் ஆதாய வரி இல்லை. அந்தத் தொலைவு, நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர். உங்கள் கிராமம் கும்பகோணத்துக்கு அருகில் என்பதால் இதை அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

கனடாவிலும் ஒரு கடமை உண்டு. அங்கே வசிப்பவர் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும். வெளிநாட்டில் உள்ள சொத்தின் அடக்க விலை 1 லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவத்தையும் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் சொந்தமாகப் பயன்படுத்தும் வீடு அதில் சேராது. வாடகைக்கு விட்டால் சேரும். அப்பா இறந்த நாளில் சொத்துகளின் மதிப்பு என்ன என்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அதோடு அங்குள்ள கணக்காளரைப் பாருங்கள். பின்னாளில் விற்கும்போது அந்த அறிக்கை இல்லாமல் கனடிய ஆதாயத்தைக் கணக்கிட முடியாது.

உங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொத்து போகும். நீங்கள் உயில் எழுதாவிட்டால் உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும். அவர்கள் இன்னும் ஓசிஐ அட்டை எடுக்கவில்லை என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். அட்டை உள்ளவருக்கு வாரிசாகப் பெறுவதும் விற்பதும் எளிதாக முடியும். இந்தியச் சொத்துக்கு மட்டும் தனியாக ஓர் உயிலை இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள். கனடாவில் நீங்கள் உயில் எழுதும்போது, இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன் என்ற வழக்கமான வாசகம் அதில் இருக்கும். அந்த வாசகம் இந்திய உயிலைத் தொடாது என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இது விடுபட்டதால் கவனமாக எழுதிய உயில் ஒன்று வீணாகிப்போவது அரிதான செய்தி அல்ல.

கடைசிக் காலத்தில் ஊருக்கு வந்து இருக்கலாம். ஓசிஐ அட்டை உள்ளவர் விசா இல்லாமல் வரலாம், எத்தனை ஆண்டு தங்கினாலும் காவல் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. வாக்குரிமை, விவசாய நிலம் வாங்கும் உரிமை போன்ற சில உரிமைகள் இருக்காது. ஐம்பது வயதுக்குப் பிறகு புதிய கடவுச்சீட்டு எடுத்திருந்தால், அதன் நகலையும் புகைப்படத்தையும் ஒருமுறை ஓசிஐ இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். உங்கள் வயதைப் பார்க்கும்போது அது செய்யப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். கனடியக் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பழைய பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றில் உள்ள பெயரும் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இப்போதே தயாரித்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து நிரந்தரமாகத் தங்கும் ஆண்டில் இரு நாட்டு வரிகளிலும் உங்கள் வசிப்பு நிலை மாறும். அந்த ஆண்டுக்கு முன்பே வீட்டுப் பாகப்பிரிவினையை முடித்து வைத்திருப்பது நல்லது.

அண்ணனுக்குப் பதில் எழுதும்போது சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டாம். வரைவுகள் கிடைத்தன, வில்லங்கமும் மூலப்பத்திரமும் பார்த்த பிறகு பேசலாம், அம்மாவும் அத்தையும் தம்பி வீட்டாரும் உட்காரும்போது நானும் அலைபேசியில் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள். அவர் அவசரப்படுத்தினால், இந்த வரைவுகளையும் நீங்கள் பெற்ற நகல்களையும் எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைக் காணச் சொல்லி உங்கள் அதிகாரம் பெற்றவரை அனுப்பிவிடுங்கள்.